யார் கை முழம்?

மயில்துத்தக் கரைசல் காலையில் 0.42 காட்டியது. மாலையில் அதே கரைசலை அதே குவெட்டில் ஊற்றி அதே பெட்டியில் வைத்தபோது 0.40. பள்ளியின் வேதியியல் டீச்சர் அன்றிரவே கூப்பிட்டார். "சார், நீங்க செஞ்சு குடுத்த பெட்டி சாயங்காலம் ஆனா வேற எண் சொல்லுது. பிள்ளைங்க எதை நோட்டுல எழுதுறது?"

அந்தப் பெட்டி ஒரு கலரிமீட்டர். உள்ளே கறுப்புச் சாயம் பூசிய மரக்கட்டை. அதில் குவெட், அதாவது கரைசலை ஊற்றும் சின்னக் குப்பி, உட்காரும் அளவுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு பக்கம் சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளி உணரி. நீலக் கரைசல் சிவப்பு ஒளியை விழுங்கும். கரைசலின் செறிவு கூடக் கூட விழுங்குவதும் கூடும். மிஞ்சி வெளியே வரும் ஒளியை ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை அளக்கும். காலையில் தூய நீரை வைத்து எடுத்துச் சேமித்த அளவோடு அதை ஒப்பிட்டு, உட்கவர்வு எவ்வளவு என்று சின்னத் திரையில் காட்டும்.

"டீச்சர், பெட்டிக்கு கரண்ட் எதுலேருந்து குடுத்தீங்க?"

"காலைல லேப்டாப்ல. மத்தியானம் ஆபீஸ்ல அதைக் கேட்டாங்க. அதனால என் போன் சார்ஜர்ல சொருகிட்டேன். ஏன் சார், ரெண்டும் அஞ்சு வோல்ட்தானே?"

மறுநாள் மல்டிமீட்டரோடு போய்ப் பார்த்தேன். லேப்டாப் கொடுத்தது 4.7 வோல்ட், சார்ஜர் கொடுத்தது 5.1. யூஎஸ்பி உலகில் இந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். போனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. என் பெட்டிக்கு ஆனது. எல்இடிக்கு ஒரு மின்தடை வழியாக நேராக அந்த ஐந்து வோல்ட் கம்பியிலிருந்தே மின்சாரம் கொடுத்திருந்தேன். சிவப்பு எல்இடி தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் மின்தடையின் மேல் விழுந்து மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும். காலையில் மிச்சம் 2.7, மாலையில் 3.1. ஆக, ஒளி 15 சதவீதம் கூடிவிட்டது. அதே சமயம், அளக்கிற ஊனோவும் அந்த ஐந்து வோல்ட்டைத்தான் தன் அளவுகோலாக வைத்திருந்தது. அந்தக் கோல் 8.5 சதவீதம் நீண்டுவிட்டது. இரண்டையும் கழித்துப் பார்த்தால், சில்லுக்குத் தெரிந்த ஒளி ஏறத்தாழ 6 சதவீதம் அதிகம். மடக்கைக் கணக்கில் அது 0.024. 0.42லிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது 0.396. டீச்சரின் கண் பொய் சொல்லவில்லை.

நிரலில் தவறில்லை, சில்லும் பழுதாகவில்லை. ஆனாலும் எண் தப்பு. வீட்டில் ஆய்வகக் கருவி செய்கிறவர்கள் எந்த மைக்ரோகண்ட்ரோலரை, அதாவது ஊனோவில் இருப்பது போன்ற நிரலேற்றும் சில்லை, வாங்குவது என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்தப் பெட்டிதான் என் நினைவுக்கு வரும்.

பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை கேட்டால், பூக்காரம்மா சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை இழுத்து அளந்து கிள்ளித் தருவார். நெடிய கைக்காரரிடம் வாங்கினால் சரம் நீளம், சின்னக் கைக்காரரிடம் குட்டை. "ரெண்டு முழம்" என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சரத்தின் நீளத்தைச் சொல்ல முடியாது. யார் கை முழம் என்று தெரியவேண்டும். ஆனால் இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரே பூக்காரம்மாவின் கை நேற்றும் இன்றும் ஒரே நீளம்தான். அவர் கையை ஒருமுறை அங்குலக் கோலால் அளந்து வைத்துக்கொண்டால், அதன்பின் அவர் போடும் ஒவ்வொரு முழமும் நமக்கு அங்குலத்தில் தெரியும்.

மைக்ரோகண்ட்ரோலர் செய்வதும் முழம் போடுவதுதான். அதற்குள் இருக்கும் ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைத் தன்னிடம் உள்ள ஓர் ஆதார மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, அதில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. நேரத்தை அளக்கும்போது தன் கடிகாரத் துடிப்புகளை எண்ணிச் சொல்கிறது. எண்ணுவதில் அது தவறுவதே இல்லை. எதை வைத்து எண்ணுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் போடும் மெகாஹெர்ட்ஸும் நினைவகமும் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

விலையை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎம்எஸ்1000, கணிப்பு, நினைவகம், உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி 1974இல் விற்பனைக்கு வந்தது. இன்டெலின் 8051 1980இல் வந்தது. பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அந்த எண் மறக்காது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஒரு வடிவமைப்புப் பள்ளியில் ஆர்டுயினோ பிறந்தது. மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் கையாள வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட பலகை அது. விலை எவ்வளவு இறங்கிவிட்டது என்றால், இன்று சீனாவின் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்32வி003 என்ற சில்லு மொத்தமாக வாங்கினால் ஒன்று பத்து அமெரிக்க சென்ட் அளவில் கிடைக்கிறது. 48 மெகாஹெர்ட்ஸ் வேகம், 16 கிலோபைட் நிரல் நினைவகம், 2 கிலோபைட் ராம். ஒரு கலரிமீட்டருக்கு அது போதும்.

ஆனாலும் முதல் கருவிக்கு நான் அதைச் சொல்வதில்லை. கருவி ஒன்றைச் செய்து முடித்துச் செலவைக் கூட்டிப் பார்த்தால், பெட்டி, பவர் சப்ளை, இணைப்பிகள், திரை, உணரி எல்லாவற்றுக்கும் பின்னால்தான் சில்லின் விலை நிற்கும். அங்கே நூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, நிரலேற்றும் கருவிக்காகவும் புரியாத கையேட்டுக்காகவும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிப்பது நல்ல வணிகம் இல்லை. பலகையாகக் கிடைப்பதை வாங்குங்கள். யூஎஸ்பி கம்பியைச் சொருகினால் நிரல் ஏறவேண்டும். அப்படிப்பட்ட பலகைகள் பல இன்று சில நூறு ரூபாய்தான்.

இனி மின்னழுத்தத்துக்கு வருவோம். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் ஏடிசி 10 பிட். ஆதார மின்னழுத்தத்தை 1024 பங்காக்கிச் சொல்லும். 5 வோல்ட் என்றால் ஒரு பங்கு ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். இது போதுமா, போதாதா? பொதுவாகக் கேட்டால் இதற்கு விடை கிடையாது. அளக்கப்போகும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும்.

கலரிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். தூய நீருக்கு ஏடிசி ஏறத்தாழ முழு அளவான 1000 காட்டும்படி அமைத்திருக்கிறோம். உட்கவர்வு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் தப்பி வரும், ஏடிசியில் 100. உட்கவர்வு 2 என்றால் நூறில் ஒரு பங்கு. ஏடிசியில் வெறும் 10. அந்தப் பத்து ஒன்று கூடிப் பதினொன்று ஆனால் உட்கவர்வு 0.04 மாறிவிடும். அடர்ந்த கரைசல்களில் பெட்டி காட்டும் இரண்டாவது தசம இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை என்று பொருள். 12 பிட் ஏடிசியாக இருந்தால் அதே இடத்தில் ஒரு படி 0.01 ஆகும். 16 பிட் என்றால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழ்தான். ஆக, 0.1லிருந்து 0.8 வரையுள்ள கரைசல்களைப் பள்ளிப் பிள்ளைகள் அளக்க ஊனோ போதும். பாக்டீரியா வளர்ப்புக் குழம்பு நாள் முழுக்கக் கலங்கிக்கொண்டே போவதைத் தொடர்ந்து அளக்க அது போதாது.

"அப்படியானால் 12 பிட் பலகை வாங்கிவிடலாமே" என்று தோன்றும். இங்கேதான் அட்டையில் போட்ட எண்ணும் கைக்கு வரும் எண்ணும் பிரிகின்றன. ராஸ்பெர்ரி பை பீக்கோ 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தது. ஆர்பி2040 என்ற அதன் சில்லில் இரண்டு உட்கருக்கள், 133 மெகாஹெர்ட்ஸ், 264 கிலோபைட் ராம். அந்த விலைக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஏடிசி 12 பிட் என்று போட்டிருக்கும். ஆனால் அதன் சொந்தக் கையேடே, பயனுள்ள பிட்டுகள் 8.7 என்று நேர்மையாக எழுதியிருக்கிறது. போதாததற்கு, பலகையில் இருக்கும் பவர் சப்ளையின் சிற்றலையும் ஆதார மின்னழுத்தத்தில் ஏறிக்கொள்ளும். இதற்கு மருந்தையும் கையேடே சொல்கிறது: 3 வோல்ட் தரும் எல்எம்4040 என்ற சின்ன ஆதாரச் சில்லை அதற்கென்று ஒதுக்கிய காலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈஎஸ்பி32 இன்னொரு விதம். வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருப்பதால், மொட்டைமாடி மழைமானிக்கும் தோட்டத்து ஈரப்பத உணரிக்கும் அது மலிவான வழி. அதன் ஏடிசியும் 12 பிட்தான், ஆனால் நேர்கோட்டில் நடக்காது. பூஜ்யத்தை ஒட்டிய சிறு அழுத்தங்கள் அதன் கண்ணுக்கே தெரியாது. மேல் முனையில் கோடு வளைந்துவிடும். அதன் உள் ஆதாரம் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வோல்ட் வரை மாறும். வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசித் தொகுதியைத் தொடவே முடியாது. அந்தச் சில்லு செய்தி அனுப்பப் பிறந்தது. அளக்கிற வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அனுப்புகிற வேலையை அதனிடம் கொடுப்பது உத்தமம்.

அந்த வேறொருவருக்கு நான் சொல்லும் பெயர் ஏடிஎஸ்1115. 16 பிட், நான்கு உள்ளீடுகள், நொடிக்கு 860 அளவீடுகள் வரை. பிளஸ் மைனஸ் 256 மில்லிவோல்ட் வீச்சில் வைத்தால் ஒரு படி 8 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழ். முக்கியமாக, தன் ஆதார மின்னழுத்தத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. லேப்டாப்பில் சொருகினாலும் சார்ஜரில் சொருகினாலும் அந்தக் கை நீள்வதில்லை. சின்னப் பலகையாக, இரண்டு தகவல் கம்பியோடும் இரண்டு மின் கம்பியோடும் எந்த மைக்ரோகண்ட்ரோலரோடும் சேர்ந்துகொள்ளும். இது ஒன்று பையில் இருந்தால், எந்தச் சில்லில் எத்தனை பிட் ஏடிசி என்ற வாதத்தில் பாதி காணாமல் போய்விடும். மைக்ரோகண்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஏடிசியைப் பார்க்காமலேயே தேர்ந்தெடுக்கலாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை!

வெளிச்சில்லுக்குப் பணம் இல்லை என்றாலும் வழி இருக்கிறது. ஏடிமெகா328பிக்குள் 1.1 வோல்ட் என்று சொல்லப்படும் உள் ஆதாரம் ஒன்று உண்டு. இதுவும் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை எங்கேயும் இருக்கலாம். முதலில் கேட்கும்போது மோசமாகத் தெரியும். ஆனால் பூக்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கை எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாம். நாளுக்கு நாள் அது மாறாது. நல்ல மல்டிமீட்டரால் ஒருமுறை அந்தச் சில்லின் ஆதாரத்தை அளந்து, நிரலில் எழுதிவிட்டால் போதும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஊனோவின் ஏரெஃப் காலில் வெளியிலிருந்து ஆதார மின்னழுத்தம் கொடுப்பதாக இருந்தால், அதை நிரலில் அறிவித்த பிறகுதான் முதல் அளவீட்டை எடுக்கவேண்டும். அறிவிக்காமல் எடுத்தால், சில்லுக்குள்ளேயே ஐந்து வோல்ட் கம்பியும் உங்கள் ஆதாரமும் முட்டிக்கொள்ளும், சில்லு கெடும்.

ஆதாரமே தேவைப்படாத அளவீடு ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி அதுதான். வெந்நீர்த் தொட்டியின் வெப்பநிலையைப் பார்க்க 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றைப் போடுகிறோம். சூடேற ஏற அதன் தடை குறையும். அதோடு தொடராக ஒரு சாதாரண மின்தடையை வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து வோல்ட் கொடுத்து, நடுவில் இருக்கும் மின்னழுத்தத்தை அளக்கிறோம். அந்த நடு மின்னழுத்தம் ஐந்து வோல்ட்டில் ஒரு பங்கு. ஏடிசியும் அதே ஐந்து வோல்ட்டில் எத்தனை பங்கு என்றுதான் சொல்கிறது. ஐந்து 4.7 ஆனாலும் 5.1 ஆனாலும் பங்கு மாறாது! முழம் நீண்டால் சரமும் அதே அளவு நீள்கிறது. என் கலரிமீட்டரைக் கவிழ்த்த அதே ஏற்றத்தாழ்வு இங்கே தானாகவே அடிபட்டுப் போகிறது. தராசுகளில் வரும் லோடு செல்லும் அதற்கென்று விற்கும் எச்எக்ஸ்711 சில்லும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. லோடு செல்லுக்குள் இருக்கும் மின்தடைப் பாலத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தமே அளவுகோலும் ஆகிறது.

இந்தத் தெர்மிஸ்டரில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலரும் இங்கே அவசியமில்லாமல் பெரிய ஏடிசியைத் தேடுவார்கள். கடையில் அதிகம் கிடைக்கும், பீட்டா மதிப்பு 3950 உள்ள வகை 25 டிகிரி செல்சியஸில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4.4 சதவீதம் தடை மாறும். ஜோடியாக 10 கிலோ ஓம் மின்தடை போட்டால், ஊனோவின் 10 பிட் ஏடிசியில் ஒரு டிகிரிக்கு 11 படிகள் கிடைக்கும். ஒரு படி 0.1 டிகிரிக்கும் சற்றுக் கீழே. அற்புதம். ஆனால் தொட்டியை 60 டிகிரியில் வைக்கவேண்டும் என்றால், அதே அமைப்பில் டிகிரிக்கு 6 படிதான் தேறும். ஏன்? 60 டிகிரியில் தெர்மிஸ்டரின் தடை 2.5 கிலோ ஓம்முக்கு இறங்கிவிட்டது. ஜோடி 10இலேயே நிற்கிறது. ஜோடியையும் 2.5 கிலோ ஓம் ஆக்கினால் 9 படிகளாக ஏறிவிடும். ஒரு ரூபாய்கூட ஆகாத மின்தடையை மாற்றினால் கிடைக்கும் லாபம் இது. வேலை எந்த வெப்பநிலையில் நடக்கப்போகிறதோ, அங்கே தெர்மிஸ்டரின் தடை எவ்வளவோ அதே அளவு ஜோடியைப் போடவேண்டும். மின்னோட்டம் கூடியதால் தெர்மிஸ்டர் தானே கொஞ்சம் சூடாகும். அதற்கும் வழி உண்டு: அதன் மேல்முனையை ஐந்து வோல்ட் கம்பியில் கட்டாமல் சில்லின் ஒரு வெளியீட்டுக் காலில் கட்டி, அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்து அணைத்துவிடலாம்.

இன்னும் நுணுக்கம் வேண்டுமா? பல அளவீடுகளை எடுத்துச் சராசரி பாருங்கள். 16 அளவீடுகளைக் கூட்டினால் 2 பிட் கூடக் கிடைக்கும், 256 எடுத்தால் 4 பிட். இதில் வியப்பான ஒரு நிபந்தனை: மூல அளவீட்டில் ஒரு படி அளவுக்காவது இரைச்சல் இருக்கவேண்டும். அசையாமல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஏடிசியிடம் ஆயிரம் முறை கேட்டாலும் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எத்தனை அளவீடு என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் ஒவ்வொரு நீண்ட கம்பியிலும் ஏறிக்கொள்ளும். ஓர் அலை முடிய 20 மில்லிநொடி. சரியாக 20 மில்லிநொடியோ அதன் மடங்கோ சராசரி எடுத்தால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ரீங்காரம் மறைந்துவிடும். ஊனோ அந்த இடைவெளியில் சாதாரணமாக 180 அளவீடு எடுத்துவிடும்.

மின்னழுத்தத்தைப் போலவே நேரத்துக்கும் ஒரு முழம் உண்டு. அதை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

ஊசலை ஆட்டி, ஒளிக்கதவு வைத்து, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கும் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் 2 நொடிக்குச் சற்று மேலே. ஊனோவின் மைக்ரோநொடிக் கடிகாரம் 4 மைக்ரோநொடிப் படிகளில் நகரும். ஆறு தசம இலக்கத்தோடு திரையில் எண் ஓடும். பார்ப்பவர்களுக்குச் சிலிர்க்கும். ஆனால் ஊனோ பலகையை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில், வெள்ளி நிறத்தில், மாத்திரை வடிவில் ஓர் உலோகக் குப்பி பளபளக்கும். அது குவார்ட்ஸ் படிகம். எல்லோரும் அதுதான் ஊனோவின் இதயத்துடிப்பு என்று நினைப்பார்கள். அது யூஎஸ்பி பேச்சைக் கவனிக்கும் இன்னொரு சில்லுக்குச் சொந்தம். உங்கள் நிரல் ஓடும் ஏடிமெகா328பிக்குத் துடிப்பு தருவது, பக்கத்தில் அரிசிமணி அளவில் மூன்று கால்களோடு பழுப்பாகக் கிடக்கும் பீங்கான் ஒத்ததிர்வி. அதன் துல்லியம் பிளஸ் மைனஸ் 0.5 சதவீதம்.

0.5 சதவீதம் என்றால் 2 நொடியில் 10 மில்லிநொடி. ஆறு இலக்கத்தில் இரண்டாவதிலேயே ஆட்டம். முடுக்கக் கணக்கில் நேரம் வர்க்கமாக வருவதால் பிழை இரட்டிக்கும்: 9.8க்குப் பதில் 9.7 வரலாம், 9.9 வரலாம். பிள்ளைகள் கயிற்றை மறுபடி மறுபடி அளந்துகொண்டிருப்பார்கள். குற்றவாளி அந்த அரிசிமணி.

இதைச் சோதிக்க ஒரு காசு செலவில்லை. ஒரு மணி நேரம் கழிந்ததும் எல்இடியை எரியவைக்கும் நிரலை ஏற்றி, கைபேசியின் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்ததிர்வி தன் எல்லையில் இருந்தால் 18 நொடி முன்னே பின்னே இருக்கும். நல்ல படிகம் உள்ள பலகையில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மில்லியனில் 50 பங்கு பிழை என்றாலும் ஒரு மணிக்கு 0.18 நொடிதான். பீக்கோவிலும் ஈஎஸ்பி32 பலகைகளிலும் படிகம்தான் இருக்கிறது. ஆகவே நேரம் அளக்கும் கருவிகளுக்கு, அதாவது ஊசல், தடையில்லா வீழ்ச்சி, ஒலியின் வேகம் போன்றவற்றுக்கு, நான் பீக்கோவை எடுப்பேன். அதில் கால்களின் ஏற்ற இறக்கத்தை மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் கவனித்துக்கொள்ளும் எட்டுத் தனிப் பணியாளர்களும் உள்ளே இருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஓடும் வானிலைப் பதிவிக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லைச் சேர்த்துக்கொள்ளலாம். அறை வெப்பநிலையில் மில்லியனில் 2 பங்குக்குள் நிற்கும். மறுபக்கம், ஏடிடைனி85 போன்ற எட்டுக்கால் குட்டிச் சில்லை அதன் உள் துடிப்பிலேயே ஓட்டினால், தொழிற்சாலையிலிருந்து வந்தபடி 10 சதவீதம்வரை பிழை இருக்கலாம். காந்தக் கலக்கியின் மோட்டாரைச் சுழற்ற அது தாராளம்.

அளப்பதோடு நில்லாமல் ஒன்றை இயக்கவும் போகிறோம் என்றால், குறிப்பாக 230 வோல்ட் ஹீட்டரை, தேர்வின் முறை மாறிவிடும். இங்கே எனக்குச் சமரசம் கிடையாது. சில்லு விழித்தெழும் முதல் சில மில்லிநொடிகளில் அதன் கால்கள் என்ன செய்கின்றன என்று கையேட்டில் பாருங்கள். ஈஎஸ்பி32இன் முன்னோடியான ஈஎஸ்பி8266இன் சில கால்கள் தொடக்கத்தில் தாமாகவே உயர்ந்து, ரிலேயை ஒருமுறை தட்டிவிடும். அப்படிப்பட்ட காலில் ஹீட்டரைக் கட்டக்கூடாது. நிரல் உறைந்துபோனால் சில்லைத் தட்டி எழுப்பும் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் ஏடிமெகாவிலும் பீக்கோவிலும் ஈஎஸ்பியிலும் உண்டு. அதை இயக்கி வையுங்கள். அதன் பிறகும், எந்தச் சில்லையும் நம்பாமல், தெர்மல் ஃபியூஸ் ஒன்றை ஹீட்டரோடு தொடராகப் போடுங்கள். உருகி அறுந்துபோகும் அந்தச் சின்ன உருளைக்கு நிரல் தெரியாது. அதனால்தான் அதை நம்பலாம்.

உலகம் முழுக்க இந்த வேலை மதிப்போடு நடக்கிறது. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து ஆய்வாளர்கள் சீப்ஸ்டாட் என்ற மின்வேதிக் கருவியை 80 டாலருக்குள் செய்யும் வழியைப் பொதுவில் வெளியிட்டார்கள். ஜோஷுவா பியர்ஸ் 2012இல் சயன்ஸ் இதழில், ஆய்வகக் கருவிகளைத் திறந்த வடிவமைப்பில் நாமே செய்துகொள்வதைப் பற்றி எழுதினார். அதற்கெல்லாம் முன்பே, புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் ஃபீனிக்ஸ் திட்டம் தொடங்கிவிட்டது. அங்கே உருவான எக்ஸ்ப்ஐஸ் என்ற கைக்கடக்கமான பெட்டி, அலைநோக்கியையும் அலையாக்கியையும் அளவிகளையும் ஒன்றாக்கி, கணினியோடு ஒரே யூஎஸ்பி கம்பியில் சேர்த்துத் தருகிறது. அதைச் சுற்றி வளர்ந்த பயிற்சிப் பலகை ஒன்றின் பெயர் குட்டிபை. நமக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத பெயர். அதில் இருப்பது ஏடிமெகா32 என்ற பழைய சில்லு.

பழையதை ஏன் வைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, ஊரகப் பள்ளி ஆய்வகம் ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். பிள்ளைகள் கம்பியை மாற்றிச் சொருகுவார்கள். ஒரு நாள் 9 வோல்ட் பேட்டரி தவறான காலில் போய்ச் சேரும். நவீன பலகைகளில் சில்லு எறும்புக் கால்களோடு பலகையில் ஒட்டியிருக்கும். போனால் பலகையே போயிற்று. ஏடிமெகா328பி 28 கால்களோடு சாக்கெட்டில் உட்காரும் வடிவத்திலும் கிடைக்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி எடுத்து, புதியதை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் கருவி உயிர்பெறும். ஆர்டுயினோ நிரலை ஏற்கும்படி தயாராக்கிய சில்லுகள் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும். இன்னொன்று: அந்தச் சில்லு 5 வோல்ட்டில் ஓடுவது. பீக்கோவின் கால்களில் 5 வோல்ட் உணரியை நேராகக் கட்டினால் சில்லு போய்விடும், அதற்கு 3.3தான் எல்லை. கல்லூரி அலமாரியில் கிடக்கும் பழைய உணரிகள் பெரும்பாலும் 5 வோல்ட்காரர்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மலிவுப் பலகைகளில் யூஎஸ்பிக்கு வேறு நிறுவனச் சில்லு இருந்தால் அது குறையல்ல. டிரைவரை நிறுவினால் வேலை முடிந்தது. கவலைப்பட வேண்டியது உணரிகளைப் பற்றித்தான். டிஎஸ்18பி20 வெப்ப உணரி என்று விற்பவற்றில் நகல்கள் ஏராளம். அசல், மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை பிளஸ் மைனஸ் அரை டிகிரிக்குள் நிற்கவேண்டும். ஐந்து வாங்கினால் ஐந்தையும் ஒன்றாகக் கட்டி, உருகும் ஐஸ்கட்டிக் குழம்பில் பத்து நிமிடம் வையுங்கள். இயற்கை இலவசமாகத் தரும் ஆதாரம் அது: பூஜ்ய டிகிரி. விலகி நிற்பதைத் தனியே எடுத்து வைத்துவிடலாம்.

டீச்சரின் பெட்டிக்கு என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. ஊனோவை மாற்றவில்லை. எல்இடிக்கு நிலைமின்னோட்டம் தரும் சின்னச் சுற்று ஒன்றைச் சேர்த்தேன். ஒளி உணரியை ஏடிஎஸ்1115இல் கட்டினேன். பிறகு லேப்டாப்பிலும், டீச்சரின் சார்ஜரிலும், பவர் பேங்கிலும் மாறி மாறிச் சொருகி, அதே மயில்துத்தக் கரைசலை வைத்துப் பார்த்தோம். 0.42, 0.42, 0.42. எல்இடி சூடேறி நிலைக்கப் பத்து நிமிடம் ஆகிறது என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே வரைபடம் போட்டுக் கண்டுபிடித்தார்கள். மூடியின் உள்பக்கத்தில் டீச்சர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். சில்லின் பெயர், எல்இடிக்குப் போகும் மின்னோட்டம், ஆதார மின்னழுத்தம், கடைசியாகச் சரிபார்த்த தேதி. தேதிக்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறார்.